கணுக்கால் சுளுக்கு: சொடக்கு எடுக்கும் முன் என்ன பார்ப்பது, எடுத்த பின் என்ன செய்வது

கைரோபிராக்டிக், அதாவது மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை, என்றால் கழுத்தும் முதுகும்தான் என்று நினைத்துப் படிக்க வருகிறவர்கள், காலுக்கு வந்ததும் திணறுவது கணுக்காலில்தான். பாதத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் 'டக்' என்று கேட்கும். வந்தவருக்கும் திருப்தி, இழுத்தவருக்கும் திருப்தி. ஆனால் அந்த மூட்டு இறுகிக் கிடந்ததா, தளர்ந்து ஆடிக்கொண்டிருந்ததா? இறுகிய மூட்டை இழுத்தால் நடை சீராகும். தளர்ந்த மூட்டை இழுத்தால் ஏற்கெனவே நைந்த ஜவ்வு இன்னும் நீளும். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சத்தமும் ஒன்றுதான்.

உடம்பில் அதிகம் சுளுக்குகிற மூட்டுகளில் ஒன்று, அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே என்பதால் வெளிப்பக்கக் கணுக்கால் சுளுக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். மாணவர்களுக்கும் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கும் எழுதியது. விரைவு உந்தலை, அதாவது த்ரஸ்ட்டை, ஆசிரியர் பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித்தராமல் யாரும் முயலக் கூடாது. காலைச் சுளுக்கிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு எக்ஸ்ரே பற்றிய பகுதியும் பயிற்சிப் பகுதியும் பயன்படும்.

எது அறுகிறது, ஏன் அதுவே

முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் கீழ்முனையில் ஒரு கவ்வுபோல அமைந்திருக்கின்றன. பெரியது டிபியா, வெளிப்பக்கம் மெலிந்து நிற்பது ஃபிபுலா. கவ்வுக்குள் உட்காரும் எலும்பு டாலஸ். அதன் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதத்தை மேலே தூக்கும்போது அகலமான பகுதி கவ்வுக்குள் ஏறி இறுகிவிடும். நுனிக்காலில் நிற்கும்போதோ படி இறங்கும்போதோ குறுகிய பகுதி வந்துவிடுவதால், எலும்பின் பிடி தளர்ந்து சுமை ஜவ்வுகள்மேல் விழும். அந்த நேரத்தில் பாதம் உள்ளே புரண்டால் சுளுக்கு.

எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டை வருகிறவர்கள் ஜவ்வு என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம். வெளிப்பக்க எலும்பு மேட்டை வெளிக்கணு என்றும் உட்பக்க மேட்டை உள்கணு என்றும் வைத்துக்கொள்வோம். வெளிக்கணுவிலிருந்து மூன்று ஜவ்வுகள் புறப்படுகின்றன, மூன்றையும் சேர்த்து வெளிஜவ்வு என்போம். டாலஸுக்கு முன்பக்கமாகப் போவது முன்ஜவ்வு. மூன்றிலும் பலம் குறைந்தது அதுதான், முதலில் அறுவதும் அதுவே. கீழே குதிகால் எலும்புக்கு இறங்குவது நடுஜவ்வு, கடுமையான புரளலில் இரண்டாவதாகப் போகும். பின்ஜவ்வு மூட்டே நழுவினாலொழிய அறுவது அபூர்வம். ஜவ்வு நீண்டு நைந்திருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, முழுதும் அறுந்திருந்தால் மூன்றாம் நிலை.

முதலில் கேட்க வேண்டியவை

"எப்படிப் புரண்டது, செய்து காட்டுங்கள்" என்று நல்ல காலில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கும். பாதம் உள்ளே புரண்டிருந்தால் வெளிஜவ்வு. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்பி, பாதம் வெளிப்பக்கம் முறுக்கப்பட்டிருந்தால் டிபியாவையும் ஃபிபுலாவையும் சேர்த்துக் கட்டும் மேல்ஜவ்வைச் சந்தேகியுங்கள். அது வேறு காயம், ஆறுவதற்கு வெளிஜவ்வைவிட நாளாகும்.

அடுத்து, விழுந்த உடனே நான்கு அடி வைக்க முடிந்ததா? இதே கால் முன்பு எத்தனை முறை புரண்டிருக்கிறது? சர்க்கரை நோய் உண்டா, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, நீண்டநாள் ஸ்டீராய்டு, அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது லீவோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏதாவது எடுத்தாரா? கடைசி இரண்டு மருந்துகளும் குதிகால் நாண், அதாவது கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் நார், அறுவதற்கான ஆபத்தைக் கூட்டுபவை. எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டார்களா என்றும் கேளுங்கள். நம் ஊர்களில் பாதிப்பேர் அதை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். முதல் இரண்டு நாளில் பலமாக நீவினால் ரத்தக்கசிவு கூடும். அப்போது கண்ணில் படும் வீக்கத்தில் எவ்வளவு சுளுக்கால் வந்தது, எவ்வளவு நீவலால் வந்தது என்று பிரிக்க முடியாது.

எக்ஸ்ரே வேண்டுமா

கனடாவின் ஒட்டாவாவில் அவசரப்பிரிவு மருத்துவர் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஒட்டாவா விதிகள் இன்றும் இந்தக் கேள்விக்கு முதல் கருவி. கணுக்கால் பகுதியில் வலி இருந்து, கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்:

– வெளிக்கணுவின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் கீழிருந்து 6 செ.மீ. வரையிலோ எலும்பை அழுத்தினால் வலி
– உள்கணுவிலும் அதே இடங்களில் அதே வலி
– விழுந்த உடனேயும் இப்போதும் நான்கு அடி வைக்க முடியாமை

நடுப்பாதத்தில் வலி என்றால், சுண்டுவிரல் நீள்எலும்பின் அடிப்பகுதியையும் உட்பக்கம் நேவிகுலர் எலும்பையும் அழுத்திப் பாருங்கள். இரண்டில் ஒன்று வலித்தாலும், நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் பாதத்துக்கு எக்ஸ்ரே.

மாணவர்கள் அதிகம் தவறுவது 'பின்விளிம்பு' என்ற சொல்லில். வெளிக்கணுவின் முன்விளிம்பிலிருந்துதான் முன்ஜவ்வு கிளம்புகிறது. அங்கே அழுத்தினால் சாதாரணச் சுளுக்கிலும் உயிர்போகும், எல்லோரையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டியதாகிவிடும். பின்விளிம்பில் ஜவ்வுக் குழப்பம் குறைவு, அங்கே வலித்தால் எலும்பையே சந்தேகிக்கலாம். 6 செ.மீ. என்பதையும் பலர் குறைத்தே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் விரல்களின் அகலத்தை ஒருமுறை ஸ்கேலில் அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடையைப் பொறுத்தவரை, நொண்டியபடியே இரண்டு காலிலும் மாறிமாறி நான்கு அடி வைத்தாலும் 'முடிந்தது' என்றே கணக்கு.

எலும்பு முறிவைத் தவறவிடாமல் இருப்பதில் இந்த விதிகள் மிகவும் நம்பகமானவை. முறிவு உண்டு என்று உறுதிசெய்வதில் அப்படியல்ல, அனுப்பப்படுகிறவர்களில் பலருக்கு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் வரும். சர்க்கரையால் பாதத்தில் மரத்துப்போனவர், குடித்திருப்பவர், வேறு பெரிய காயம் உள்ளவர் ஆகியோரிடம் 'அழுத்தினால் வலிக்கவில்லை' என்பதை நம்பாதீர்கள். வளரும் பிள்ளைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜவ்வைவிட எலும்பின் வளர்ச்சித் தகடு பலம் குறைந்தது என்பதால், பெரியவருக்கு ஜவ்வு கிழியும் விசையில் பிள்ளைக்கு அந்தத் தகடு விலகலாம்.

தொட்டுப் பார்க்கும் வரிசை

வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடுங்கள். முதலிலேயே தொட்டுவிட்டால் கால் முழுக்க இறுகிக்கொள்ளும், பிறகு எந்தச் சோதனையும் ஓடாது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஃபிபுலாவின் கழுத்தில் தொடங்குங்கள். கணுக்கால் முறுக்கிய விசை எலும்புகளுக்கிடையே மேலேறி அங்கே முறிப்பதுண்டு, மேசோன்யூவ் முறிவு என்பது அதுதான். கணுக்காலை மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் அது விழாது. பிறகு கெண்டைக்கால் நடுவே இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிழியுங்கள். வலி பிழிந்த இடத்தில் வராமல் கீழே கணுக்கால் முன்புறம் வந்தால் மேல்ஜவ்வுக் காயம். முழங்காலை மடக்கித் தொங்கவிட்டு, பாதத்தை மேல்தூக்கி வெளிப்பக்கம் திருப்புங்கள். அதே இடத்தில் வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. அத்துடன் கைச்சிகிச்சை நின்றது, எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைப் பிழியும்போது பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லையென்றால் குதிகால் நாண் அறுந்திருக்கிறது. 'விரலை அசைக்கிறேனே' என்று அவர் அசைத்துக் காட்டுவார், அதை நம்பி ஏமாறக் கூடாது. விரல்களுக்கும் பாதத்துக்கும் வேறு தசைகள் இருக்கின்றன.

வெளிக்கணுவுக்குப் பின்னால் ஓடும் பெரோனியல் நாண்கள்மேல், அதாவது பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும் தசைகளின் நாண்கள்மேல், விரலை வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி எதிர்த்துப் பிடியுங்கள். நாண் எலும்பைத் தாண்டி முன்னால் வழுக்கி ஏறினால் அது சுளுக்கு மட்டுமல்ல. பெருவிரலையும் பாதத்தையும் தூக்கும் பலத்தையும் பாருங்கள். அதில் குறைந்தால், புரளலில் பெரோனியல் நரம்பு இழுபட்டிருக்கலாம், அல்லது இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

கடைசியில் முன்ஜவ்வு. வெளிக்கணுவுக்கு முன்னால், சற்றுக் கீழே விரல்நுனி அமரும் ஒரு பள்ளம் இருக்கும். எலும்பு விளிம்புக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே ஆள்காட்டி விரலைக் கிடத்துங்கள், விரலடியில் ஓடுவதுதான் முன்ஜவ்வு. புதுக்காயத்தில் அங்கே மாவைத் தொட்டதுபோல மெத்தென்றிருக்கும். பழைய காயத்தில் கயிறுபோலத் தட்டுப்படும்.

தளர்ந்ததா, இறுகியதா

தளர்வைப் பார்ப்பது முன்னிழுப்புச் சோதனை. முழங்காலை மடக்கி, கெண்டைச்சதை தளர விடுங்கள். பாதம் 10 முதல் 20 டிகிரி கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரு கை டிபியாவை முன்புறமிருந்து அசையாமல் பிடிக்க, மற்றக் கை குதிகாலைக் கிண்ணம்போல ஏந்தி முன்னுக்கு இழுக்கும். நல்ல காலில் முதலில் செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு ஆட்டம் அந்த ஆளுக்கு இயல்பு என்று தெரியாது. முன்ஜவ்வு அறுந்திருந்தால் டாலஸ் முன்னே வரும்போது அந்தப் பள்ளத்தில் தோல் உள்வாங்கும், முடிவில் 'இத்தோடு சரி' என்று நிறுத்தும் கட்டு இருக்காது. நடுஜவ்வுக்குப் பாதத்தை நேராக வைத்துக் குதிகாலை உட்பக்கம் சாய்த்துப் பாருங்கள்.

விழுந்த அன்றே இதைச் செய்து 'ஜவ்வு நன்றாக இருக்கிறது' என்று எழுதிவைப்பது பெரிய தவறு. வலியில் தசைகள் இழுத்துப் பிடிக்கும், வீக்கம் இடத்தை அடைத்திருக்கும். நான்கைந்து நாள் கழித்துச் செய்யும் அதே சோதனை எவ்வளவோ நம்பகமானது. அதுவரை முடிவைத் தள்ளிவையுங்கள்.

இறுக்கத்துக்கு ஒரு சுவரும் தரையில் ஒட்டிய அளவுகோலும் போதும். கால் பாரம் தாங்கத் தொடங்கிய பிறகு, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து சில செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தை இன்னும் ஒரு செ.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். தொடக்கூடிய கடைசித் தூரம்தான் அளவு. ஒவ்வொரு செ.மீ.-உம் கணுக்கால் மடிப்பில் சுமார் 3.6 டிகிரி. இரண்டு காலுக்கும் 2 செ.மீ. அளவுக்கு வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டிய இறுக்கம்.

இதில் உடம்பு ஏமாற்றும். பாதக்குழியைத் தரையோடு அமுக்கி, முழங்காலை உள்ளே சாய்த்து 2 செ.மீ. கூடுதலாக வாங்கிவிடுவார்கள். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேரே போகிறதா என்று பாருங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துக்கொண்டிருங்கள், உருவி வந்தால் குதிகால் எழுந்துவிட்டது. கடைசித் தூரத்தில் நிற்கும்போது "எங்கே பிடிக்கிறது?" என்று கேளுங்கள். பின்னால் கெண்டையில் இழுக்கிறது என்றால் தசை, அதற்கு மூட்டைத் தள்ளிப் பயனில்லை. முன்னால், கால் மடியும் இடத்தில் முட்டுகிறது என்றால் டாலஸ் பின்னுக்கு வழுக்கவில்லை. கைச்சிகிச்சைக்கு உரிய கால் அதுதான்.

முதல் வாரம்

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற பழைய வாய்பாட்டை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014-இல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று தாமே மாற்றிச் சொன்னார். வலிக்கு ஐஸ் வைக்கலாம், துணி சுற்றி 10 நிமிடம் போதும். கட்டும் உயர்த்தி வைத்தலும் தொடரட்டும். முறிவு இல்லையென்று தெரிந்த பிறகு, பக்கவாட்டில் தாங்கும் பிரேஸ் போட்டு, வலி தாங்கும் அளவுக்கு நடக்கவிடுங்கள். முதல் இரண்டு நிலைச் சுளுக்குக்கு மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைப்பது, பிற்பாடு நாம் அவிழ்க்க வேண்டிய இறுக்கத்தை நாமே உண்டாக்குவது. இந்த வாரத்தில் த்ரஸ்ட் வேண்டவே வேண்டாம்.

கைச்சிகிச்சை

மெதுவான தள்ளலில் தொடங்குங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, குதிகால் மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கை கணுவுக்கு மேலே கீழ்க்காலை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். மற்றக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவை, கால் மடியும் இடத்தில் டாலஸின் கழுத்தில் பதிய வேண்டும். முழங்கையை நீட்டி, உடம்புப் பாரத்தால் நேரே பின்னுக்கு, அதாவது தரையை நோக்கி, நொடிக்கு ஒன்றோ இரண்டோ அசைவாகத் தள்ளுங்கள். 60 நொடி, மூன்று முறை. வலி மிகுந்த நாட்களில் தடை தொடங்குமுன்பே நின்றுவிடும் சிறிய அசைவு, வலி தணிந்த பிறகு தடையைத் தொட்டு அதற்குள் செல்லும் அசைவு. கை ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து நடுப்பாதத்தில் பதிந்தால் பாதம்தான் கீழே மடங்கும், டாலஸ் அசையாது. எவ்வளவு தள்ளியும் சுவர்ச்சோதனையில் மாற்றமில்லை என்று மாணவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் கை இருப்பது அங்கேதான்.

த்ரஸ்ட்டுக்குப் போகும் முன், யாருக்குக் கூடாது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். முறிவு, மேல்ஜவ்வுக் காயம், முன்னிழுப்பில் கட்டில்லாத மூன்றாம் நிலை, கிருமித்தொற்று, கட்டி, கொதிநிலையிலுள்ள வாதமூட்டு, எலும்பு மெலிவு, உணர்ச்சியற்ற சர்க்கரைப் பாதம், இவர்கள் யாருக்கும் இல்லை. ரத்தம் உறையா மருந்து எடுப்பவருக்கு மெதுவான தள்ளலே போதும்.

மற்றவர்களுக்கு மேசையின் கால்மாட்டில் நில்லுங்கள். இரண்டு கைவிரல்களையும் கோத்து டாலஸின் கழுத்தின் முன்புறம் பதியுங்கள், கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளங்காலில் இருக்கட்டும். பாதத்தைச் சற்று மேல்தூக்கி, ஒரு துளி வெளிப்பக்கம் திருப்பி, காலின் நீளவாக்கில் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து மூட்டின் தளர்ச்சியை முழுக்க எடுத்துவிடுங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள், இந்த நிலையிலேயே வலித்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேகமான, ஆழமில்லாத ஓர் இழுப்பு. தூரம் சில மில்லிமீட்டர்தான்.

கெடுவது மூன்று இடத்தில். இழுக்கும் நொடியில் பாதம் உட்பக்கம் திரும்பிவிட்டால், ஜவ்வு கிழிந்த அதே அசைவை நீங்கள் மறுபடி செய்கிறீர்கள். தளர்ச்சியை எடுக்காமல் இழுத்தால் விசை மூட்டுக்குப் போகாது, முழு ஆளும் மேசையில் சறுக்குவார். சத்தம் வரவில்லையே என்று மூன்றாவது, நான்காவது முறை இழுப்பது இவற்றைவிட மோசம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நெட்டி முறியும் சத்தம் மூட்டுத்திரவத்தில் ஏற்படும் வாயுக்குமிழியின் சங்கதி, எலும்பு 'இடத்தில் உட்கார்ந்ததற்கு' அத்தாட்சி இல்லை. உடனே எழுப்பிச் சுவரருகே நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். அரை செ.மீ. மாற்றம் அளவைப் பிழைக்குள் போய்விடும். ஒன்றரை, இரண்டு செ.மீ. கிடைத்தால் கை வேலை செய்திருக்கிறது. இரண்டு மூன்று அமர்விலும் அளவு நகரவில்லையென்றால் இந்தச் சிகிச்சையை நிறுத்தி, காரணத்தை மறுபடி தேடுங்கள்.

இந்த இழுப்புக்குச் சான்று இருக்கிறதா என்றால், தென்னாப்பிரிக்காவில் செய்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முதல் இரண்டு நிலைச் சுளுக்குள்ள 30 பேரில், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இழுப்புப் பெற்றவர்களுக்கு வலியும் அசைவும் மேம்பட்டன. சிறிய ஆய்வு, புதுக்காயங்கள் அதில் இல்லை. அதைக் காட்டி எல்லாச் சுளுக்குக்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பயிற்சி: மறுபுரளலைத் தடுப்பது இதுதான்

கையால் திறந்துகொடுத்த அசைவைத் தசை பிடித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வாரமே பழைய கதை. ஜவ்வு கிழியும்போது அதிலுள்ள உணர்நரம்பு முனைகளும் கெடுகின்றன. பாதம் புரளப்போகிறது என்ற செய்தி தாமதமாகப் போகிறது, பெரோனியல் தசை தாமதமாகப் பிடிக்கிறது. சமநிலைப் பயிற்சி அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான்.

நடக்க முடிந்ததும் ஒற்றைக்காலில் 30 நொடி, ஐந்து முறை. முதலில் கண் திறந்து, பிறகு மூடி, பிறகு மடித்த போர்வைமேல், பிறகு பந்து பிடித்தபடி. ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது 15 முறை, மூன்று சுற்று. போகும்போது ஒரு நொடி, திரும்பும்போது மூன்று நொடி. முழங்கால் சேர்ந்து திரும்பினால் தொடைதான் வேலை செய்கிறது. நுனிக்காலில் எழுவதை இரண்டு காலில் தொடங்கி, ஒற்றைக்காலில் 20 முறை வரை கொண்டுபோங்கள். சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள் என்று எட்டு வாரமாவது நடக்க வேண்டும். வலி மூன்றாம் வாரத்தில் போய்விடும், அத்தோடு பயிற்சியையும் விட்டுவிடுவார்கள். எட்டு வாரம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விளையாடத் திரும்புகிறவருக்குச் சுவரளவு இரண்டு காலிலும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலை முன்னே எட்டவிடும் தூரத்தில் வித்தியாசம் 4 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். ஒற்றைக்கால் குதியலில் தயக்கம் இருக்கக் கூடாது. முதல் ஒரு வருடம் ஆட்டத்தின்போது பிரேஸ் போடுவது நல்லது. டேப்பும் உதவும், ஆனால் வியர்த்து ஆடத் தொடங்கிய அரைமணிக்குள் அதன் பிடி தளர்ந்துவிடும்.

ஆறாமல் நின்றால்

ஆறு வாரம் தாண்டியும் மூட்டுக்குள் ஆழமாக வலித்து, சிலசமயம் கொக்கிபோட்டது போல் நின்றால், டாலஸின் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். எம்.ஆர்.ஐ. தேவை. வெளிக்கணுவுக்குப் பின்னால் மட்டும் வலி நீடித்தால் நாண் கிழிசலைப் பாருங்கள். கால் பளபளத்து, நிறம் மாறி, துணி பட்டாலே எரிகிறது என்றால் நரம்புவழி வலிக்கூட்டு (சி.ஆர்.பி.எஸ்.) ஆக இருக்கலாம், அதற்கு மருத்துவரின் உதவி சீக்கிரம் வேண்டும்.

கட்டுப்போட்டு அசையாமல் கிடந்தவரின் கெண்டை வீங்கி வலித்தால் நீவவே கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கெண்டையின் சுற்றளவையும் அளவுநாடாவால் அளக்கவும். 3 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் என்பது ரத்தக்கட்டின் அறிகுறிகளில் ஒன்று, வித்தியாசம் குறைவாக இருப்பதால் மட்டும் அந்தச் சந்தேகம் தீராது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொரு வகையினர், மாதம் ஒருமுறை வந்து "கால் நழுவுது, ஒரு சொடக்கு எடுத்துவிடுங்க" என்று கேட்கிறவர்கள். எடுத்தால் இரண்டு நாள் லேசாக இருக்கும், அதனால்தான் திரும்பவும் வருகிறார்கள். முன்னிழுப்பில் அவர்கள் கால் நல்ல காலைவிட எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். கட்டில்லாமல் ஆடினால் அந்த மூட்டைத் தொடாதீர்கள். பிரேஸையும் எட்டு வாரப் பயிற்சியையும் கொடுங்கள். அதற்குப் பிறகும் சமதரையில் நடக்கையில் கால் புரண்டால், ஜவ்வைத் தைத்து இறுக்கும் அறுவைச்சிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் முன்னிழுப்பின் முடிவையும், இரண்டு காலின் சுவரளவையும், எத்தனை முறை புரண்டது என்பதையும் தேதியோடு குறியுங்கள்.